தன்பாலினத் திருமணமும் நீதிமன்றத்தின் எல்லையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்பாலினத் திருமணத் தீர்ப்பைக் குறைகூறி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். திருமணத்தைப் புனிதமாகக் கருதும் மதங்கள் ஏற்காத ஒன்றை நீதிபதிகள் உரிமை என்று எப்படிச் சொல்ல முடியும்? மதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சாசனத்தில், அதில் எழுதப்படாத உரிமையைப் படித்தெடுப்பது நீதிமன்றத்தின் வேலையா? தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது சரிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மதம் பற்றியது எளிது. நீதிமன்றத்தின் எல்லை பற்றியதுதான் கடினம்.

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கோரி, 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பான சுப்ரியோ வழக்கில், மதம்சார்ந்த தனிநபர் சட்டங்களுக்குள் நுழையப்போவதில்லை என்று உச்ச நீதிமன்ற அமர்வு தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது. வாதம் பெரிதும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. அச்சட்டப்படி மணம் முடிக்கச் சடங்கு எதுவும் வேண்டியதில்லை. திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் முன்னிருக்க, இருவரும் உறுதிமொழி சொன்னால் போதும். மனுதாரர்கள் கேட்டது கிடைத்திருந்தாலும் எந்த அர்ச்சகரும் பாதிரியாரும் காஜியும் தம் நம்பிக்கைக்கு மாறாக ஒரு திருமணத்தை நடத்திவைக்க நேர்ந்திருக்காது. நீங்கள் நினைவூட்டும் மதச் சுதந்திரத்தைத் தரும் 25ஆவது பிரிவும்கூட, பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது.

மதச் சடங்கில்லாத திருமணம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன்பே நடந்திருந்த அத்தகைய திருமணங்களையும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாக்கியது. புரோகிதரை வைத்து மணம் முடிக்க விரும்பியவர்களின் உரிமை அதனால் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் அந்தக் குறையைத் தீர்த்தது நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம் என்பதால், இந்த முன்னுதாரணம் உங்கள் இரண்டாம் கேள்விக்கே வலு சேர்க்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாம் கேள்வியில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். திருமணம் செய்துகொள்வது தன்னளவில் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்தார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்திப் படிப்பதில் உண்மையான சிக்கல் இருக்கிறது. அது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது வரையறுக்கிறது. மனைவிக்கு மட்டுமேயான மணமுறிவுக் காரணங்களையும் ஜீவனாம்ச உரிமையையும் தருகிறது. பாலினச் சொற்களை நீக்கிவிட்டால் பெண்களுக்கான இந்தப் பாதுகாப்பு என்னவாகும் என்ற நீதிபதி ரவீந்திர பட்டின் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. அதோடு, மதச்சார்பற்றது என்று நாம் எல்லோரும் சொல்லும் இந்தச் சட்டத்தின் 21ஏ பிரிவின்படி, மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. சொத்துரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கே திரும்பிவிடும். வாசலில் விட்டுவந்த மதம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. இத்தனை சட்டங்களை ஒரு தீர்ப்பால் மாற்றி எழுத முடியாது என்பது நியாயமே.

நான் பிரிவது அதற்கடுத்த இடத்தில். சட்டத்தைத் திருத்தாமலேயே, இருவர் இணைந்து வாழும் உறவை அரசு ஏற்றாக வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் கூறினர். மற்ற மூவர் மறுத்தனர். திருமணத்தோடு பிணைக்கப்பட்ட பலன்கள் கிடைக்காமல் இந்த இணையர் மறைமுகப் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே ஏற்கிறது. ஏற்ற பின், அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழுவிடம் அதை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாகுபாடு நிரூபணமான பின் பரிகாரம் தருவது சாசனம் நீதிமன்றத்திடம் கொடுத்த வேலை. எழுதப்படாத உரிமையைக் கண்டுபிடிப்பது என்று அதைச் சொல்ல முடியாது. 14ஆவது பிரிவின் சமத்துவம் எழுதப்பட்ட உரிமைதான். தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கோரிய சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

இருந்தாலும் அந்தத் தீர்ப்பு எல்லாக் கதவையும் அடைத்துவிடவில்லை. பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட தன் இணையரை மீட்கக் கோரி ஒரு பெண் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. சுப்ரியோ தீர்ப்புக்கு உட்பட்டு நின்றே அது அவ்வாறு கூறியது.