கும்பிடுபூச்சி முட்டைக்கூடு வாங்குகிறீர்களா?

கேள்வி: மகனுக்காக இணையத்தில் ஒரு கும்பிடுபூச்சி முட்டைக்கூடு பார்த்து வைத்திருக்கிறேன். '100 குஞ்சுகள் உறுதி' என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த 'உறுதி'யை நம்ப வேண்டாம். தாய்ப்பூச்சி முட்டைகளைச் சுற்றிச் சுரக்கும் நுரை காய்ந்து இறுகியதுதான் இந்தக் கூடு. அதற்குள் எத்தனை முட்டை இருக்கிறது, அதில் எத்தனை பொரியும் என்று வெளியிலிருந்து பார்த்து விற்பவராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். சீனக் கும்பிடுபூச்சியின் கூட்டிலிருந்து 100, 200 என்று குஞ்சுகள் கொட்டும். கரோலினா இனத்தில் சில டஜன்தான். எந்த இனம் என்றே சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் போடுகிற விளம்பரத்தைக் கடந்து போய்விடலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெண் பூச்சி ஆணோடு சேராமலேயே கூடு வைக்கும். பார்வைக்கு அது நல்ல கூடு போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலான இனங்களில் அதிலிருந்து ஒன்றும் வராது. எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: என்ன இனம்? எந்தத் தேதியில் வைத்த கூடு? தாய்ப்பூச்சி இணை சேர்ந்ததா? வளர்ப்பில் வைத்ததா, வெளியே செடியிலிருந்து ஒடித்து வந்ததா? வளர்க்கிறவர் என்றால் உடனே பதில் சொல்வார். மழுப்பினால் அவர் வாங்கி விற்கிறவர். தேதியைக் கேட்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. பழைய கூடு என்றால் பார்சலிலேயே பொரிந்துவிடலாம்.

என் யோசனையைக் கேட்டால், பையனுக்கு வேண்டியது ஒன்றிரண்டு பூச்சிதான் என்றால் கூடே வேண்டாம். மூன்று நான்கு முறை தோல் உரித்த குஞ்சுகளாக இரண்டு வாங்குங்கள். ஆபத்தான முதல் கட்டத்தை அவை தாண்டி வந்திருக்கும். உங்களுக்கும் நூறு வாய்க்குத் தீனி தேடும் வேலை இல்லை.

கேள்வி: வந்த கூட்டின் பக்கவாட்டில் ஊசியால் குத்தியது போல வட்ட வட்டமாக ஓட்டைகள். விற்றவரைக் கேட்டால், "குஞ்சு வெளியே வர இருக்கும் வழி" என்கிறார். அப்படியா?

பதில்: இல்லை. கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் கூட்டின் ஒரு முகத்தில் செதில் செதிலாக ஓடும் பட்டை வழியாகத்தான் வெளியே வரும். வந்த பிறகும் பெரிய ஓட்டை தெரியாது. மெல்லிய இழைகளும் தோல் துணுக்குகளும் தொங்கினால், அது ஏற்கெனவே பொரிந்து முடிந்த கூடு. அதைப் புதிது என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

நீங்கள் சொல்லும் வட்ட ஓட்டைகள் பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. போடாக்ரியான் என்ற பேரினத்துக் குளவிகள் நீண்ட முட்டையிடு குழலை நுரைக்குள் செலுத்தி உள்ளே முட்டையிடும். அதன் புழுக்கள் கும்பிடுபூச்சி முட்டைகளைத் தின்று வளர்ந்து, குளவியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறும். வெளியிலிருந்து எடுத்து வந்த கூடுகளில் இது சகஜம்.

ஆனாலும் கூட்டைத் தூக்கி எறிய வேண்டாம். குளவிக்குத் தப்பிய முட்டைகள் பொரிவது உண்டு. நெருக்கமாக நெய்த துணியால் வாய் கட்டிய ஜாடியில் தனியாக வையுங்கள். சின்னக் குளவிகள் இன்னும் வந்தால் மற்ற கூடுகளுக்குப் பரவாமல் இருக்கும். பணத்தைத் திரும்பக் கேட்பதாக இருந்தால், பார்சலைப் பிரித்த அன்றே எடுத்த படம் வேண்டும். பத்து நாள் கழித்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, ஓட்டை எப்போது விழுந்தது என்று வாதாட முடியாது.

கேள்வி: ஒருவர் ஃபிரிட்ஜில் வை என்கிறார், இன்னொருவர் வெதுவெதுப்பாக வை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இனத்தைப் பொறுத்து இருவருமே சரி. ஐரோப்பியக் கும்பிடுபூச்சி போன்ற குளிர்நாட்டு இனங்கள் முட்டையாகவே குளிர்காலத்தைக் கடத்துபவை. அவற்றின் கூட்டைச் சில வாரம் குளிரில் வைத்து எடுப்பது வழக்கம். ஹைரோடூலா பேரினத்தின் வெப்பநாட்டு இனங்களின் கூட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் முட்டைகள் செத்துப்போகும். விற்பவர் ஏற்கெனவே குளிரில் வைத்து எடுத்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் என்றால் கீழ்த்தட்டு, ஃப்ரீஸர் அல்ல. அங்கே குளிரைவிட வறட்சிதான் எதிரி என்பதால், மூடிய டப்பாவில் லேசாக ஈரமான டிஷ்யூவோடு வைக்க வேண்டும்.

பொரிக்க வைக்கும்போது சுமார் 25 டிகிரி செல்சியஸ் போதும். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரத்தில் பொரியும். சில இனங்கள் இன்னும் நாள் எடுக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பெட்டியின் சுவரில் தண்ணீர் தெளியுங்கள். கூடு சொட்டச் சொட்ட நனைந்து, காற்றோட்டமும் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இதில் பலரும் கவனிக்காதது, கூட்டை எப்படி வைப்பது என்பது. பெட்டியின் தரையில் போட்டுவிடாதீர்கள். குஞ்சுகள் மெல்லிய இழையில் தொங்கியபடி வெளியே வந்து, அப்படியே முதல் தோலை உரிக்கும். கீழே இடம் இல்லையென்றால் ஒன்றோடொன்று சிக்கி ஊனமாகிவிடும். செடியில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், குஞ்சு வெளிவரும் பட்டையில் எதுவும் ஒட்டாமல், பின்பக்க நுரையை நூலால் குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தால் நல்லது. நேர் வெயில் கூடாது.

கேள்வி: கூட்டோடு 'வளர்ப்புப் பெட்டி', 'குஞ்சு உணவுத்தூள்' எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தூளை வாங்காதீர்கள். கும்பிடுபூச்சி அசைகிற இரையைத்தான் பிடித்துத் தின்னும். குஞ்சுகளுக்கு ஏற்றது பறக்க முடியாத பழ ஈ. அது ஒரு தலைமுறை பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் குஞ்சு பொரிந்த பிறகு ஈ தேடினால் காலம் கடந்துவிடும். கூடு வாங்கும்போதே ஈ வளர்ப்பு ஜாடியும் வாங்கிவிடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. ஒரு ஜாடி பூஞ்சை பிடித்து வீணாவது சாதாரணம்.

பெட்டியைப் பொறுத்தவரை ஒரே சோதனை: பழ ஈ தப்பிக்க முடியாத வலையா? அப்படியென்றால் குஞ்சும் தப்பாது. தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை. தெளித்த துளிகளையே குடிக்கும், கிண்ணம் வைத்தால் மூழ்கிச் சாகும்.

அப்புறம், சில நாளில் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். வேண்டிய அளவு குஞ்சுகளைத் தனித்தனிக் கோப்பைகளுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் 'நீங்கள் வைத்த விதம் சரியில்லை' என்றுதான் முதல் பதில் வரும். வாங்கிய தேதி, வைத்திருந்த வெப்பநிலை, தெளித்த முறை ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தால் உங்கள் பேச்சு எடுபடும். குளிர்நாட்டு இனமாக இருந்து குளிரில் வைக்காமலே விட்டிருந்தால், தவறு விற்றவருடையது மட்டும் அல்ல. கூட்டை அறுத்துப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பதிலுக்கு வேறு கூடு தருகிறேன் என்றால், அது அதே தாய் வைத்த கூடா என்று கேளுங்கள். தாய் இணை சேராதது என்றால் அடுத்ததும் இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: தோட்டத்துப் பூச்சிகளை ஒழிக்க இந்தக் கூடுகளை வாங்கித் தொங்கவிடலாமா?

பதில்: வீண் செலவு. கும்பிடுபூச்சிக்கு நல்லது கெட்டது தெரியாது. தேனீ, வண்ணத்துப்பூச்சி, தன் உடன்பிறப்பு என்று கையில் சிக்கியதைத் தின்னும். வளர்ந்த பூச்சி அசுவினியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதோடு, உங்கள் பகுதியில் இல்லாத இனத்தை வெளியே விடவே கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குள் வந்த சீனக் கும்பிடுபூச்சி இன்று அங்கே பரவலாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கூடு வரவழைப்பதானால், உயிருள்ள பூச்சிக்கு இறக்குமதி அனுமதி தேவையா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். 'பரிசுப் பொருள்' என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.