பெயின்ட் தெறிப்பு வேணும்னா பிரஷ் பேக் வாங்காதீங்க தம்பி, மை வாங்குங்க

குடியாத்தம் பக்கத்து கிராமத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மாடு விடும் விழாவுக்கு ஊர்ப் பசங்க போட்டுக்க கறுப்பு டி-ஷர்ட் அடிக்கணும், அதுக்கு ஓடுற காளை ஒண்ணு போன்ல இபிஸ் பெயின்ட்னு ஒரு ஆப்ல வரைஞ்சு வெச்சிருக்காரு. காளையைச் சுத்தி பெயின்ட் தெறிக்கிற மாதிரியும் வயித்துக்குக் கீழ வழியிற மாதிரியும் வேணுமாம். கூகுள்ல எடுத்த தெறிப்பு ஒட்டவெச்ச மாதிரி நிக்குது, ஒருத்தர் 25,000 டிஜிட்டல் பிரஷ் (சாஃப்ட்வேர்ல அச்சு மாதிரி பதிக்கிற வடிவம்) இருக்குற பேக்கை 199 ரூபாய்க்குத் தரேன்றாரு, வாங்கலாமா இல்ல ஏதாவது கோர்ஸ்ல சேரணுமான்னு கேக்குறாரு. அண்ணன் லேப்டாப் இருக்காம்.

ரெண்டும் வேணாம் தம்பி. அந்த 25,000 பிரஷ்ஷும் பெரும்பாலும் ஊரான் வீட்டு சொத்து, இணையத்துல யார் யாரோ இலவசமா போட்டு வெச்சதையும் திருடினதையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டி விக்கிறாங்க, அதுல பலதை "சொந்த உபயோகத்துக்கு மட்டும்"னு போட்டுதான் அசல் ஆளு குடுத்திருப்பாரு, நீங்க டி-ஷர்ட் அடிச்சு காசு வாங்கினா அது வியாபாரம். அதுவும் போக, அந்த பேக் கூடவே "போட்டோஷாப்பும் ஃப்ரீயா போட்டுத் தரேன்"னு வருவாங்க பாருங்க, அதுதான் பெரிய பொறி. கிராக் போட்ட சாஃப்ட்வேர்ல வைரஸ் ஏறி அண்ணன் லேப்டாப்ல இருக்குறதெல்லாம் போச்சுன்னா அந்த 199 ரூபாய்க்காரர் போனை எடுக்க மாட்டாரு. க்ரிட்டான்னு ஒரு வரையுற சாஃப்ட்வேர் இருக்கு, சட்டப்படியே இலவசம், உங்க வேலைக்கு அது தாராளம், அதோட சொந்த வெப்சைட்லேர்ந்து மட்டும் இறக்குங்க.

கூகுள் படம் ஏன் ஒட்டலைன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, நீங்க பிஎன்ஜின்னு, அதாவது பின்னணி இல்லாத படம்னு நினைச்சு இறக்குனது பெரும்பாலும் பிஎன்ஜியே இல்ல, பின்னாடி சாம்பல் வெள்ளை கட்டம் போட்ட போட்டோ, அந்தக் கட்டமும் படத்தோட சேர்ந்ததுதான். இன்னொண்ணு, அந்தத் தெறிப்புக்கும் உங்க காளைக்கும் சம்பந்தமே இல்ல, அது எந்தப் பக்கம் பறந்து எங்க விழுந்துச்சுன்னு பாக்காம எடுத்து ஒட்டியிருப்பீங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதியெல்லாம் சுலபம். சொட்டு நேரா மேலேர்ந்து விழுந்தா வட்டமா விழும், சாய்வா வந்து மோதினா நீளமா இழுத்துக்கும், வால் இருந்தா அது சொட்டு போன திசையைக் காட்டும். நீளம் அகலத்தைப் போல ரெண்டு மடங்குன்னா அது தாளுக்கு 30 டிகிரி கோணத்துல வந்து மோதின சொட்டு, ரத்தக் கறையை வெச்சு தடயவியல்காரங்க போடுற கணக்கும் இதேதான். உங்க காளை வலது பக்கம் பாய்ஞ்சா குளம்பு கிளப்புற பெயின்ட் இடது பக்கமா பின்னாடி போகணும், வாலெல்லாம் அந்தப் பக்கமே பாக்கணும், குளம்புகிட்ட பெரிய சொட்டு அடர்த்தியா, தூரம் போகப் போக சின்னதா இடைவெளி விட்டு. முகத்துமேலயும் கொம்புமேலயும் ஒரு சொட்டுகூட வேணாம், கண்ணு முதல்ல அங்கதான் போகணும்.

இப்போ மை. ஸ்டேஷனரி கடையில ஒரு பாட்டில் இந்தியன் இங்க் (கறுப்பு மை), நாலு வெள்ளை சார்ட், வீட்ல பழைய டூத் பிரஷ். வேலூர் லாங் பஜார் வரைக்கும் வரவே வேணாம், குடியாத்தத்துலயே கிடைக்கும். டூத் பிரஷ்ஷை மையில தொட்டு கட்டைவிரலால வழிச்சு விட்டா பொடிச் சொட்டு வரும், சாதா பிரஷ்ஷை நிறைய தொட்டு மணிக்கட்டை வெடுக்குன்னு உதறினா நீள வால் வரும், கொஞ்சம் உயரத்துலேர்ந்து சொட்ட விட்டா ஓரம் முள்ளு முள்ளா தெறிச்ச வட்டம் வரும். மூணையும் தனித்தனி சார்ட்ல அடிங்க, ஒரே தாள்ல கலக்காதீங்க. காய்ஞ்சதும் ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணுங்க, ஆனா வாயைத் திறந்து "600 டிபிஐ, கிரே ஸ்கேல், ஜேபெக்"னு கேட்டு வாங்குங்க (டிபிஐன்னா ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்குறது), கேக்கலைன்னா பிடிஎஃப்-ல சுருக்கி ஒண்ணுத்துக்கும் உதவாததைக் குடுத்துட்டு காசு வாங்கிடுவாங்க. ஸ்கேன் இல்லைன்னா பகல் வெளிச்சத்துல நிழல் விழாம நேரா மேலேர்ந்து போன்ல எடுத்தாலும் போதும்.

க்ரிட்டாவுல அதைத் திறந்து த்ரெஷோல்ட் ஃபில்டர் போடுங்க, சாம்பல் எல்லாம் போய் சுத்தக் கறுப்பு சுத்த வெள்ளை ஆயிடும். அப்புறம் கலர் டு ஆல்ஃபா போட்டு வெள்ளையைக் கழட்டிடுங்க. அவ்வளவுதான், நிஜ தெறிப்பு உங்க கையில. பிரஷ்ஷா மாத்தணும்னுகூட இல்ல, காளை படத்துமேல தனி அடுக்கா, அதாவது லேயரா வெச்சு, வேணுங்குற கலர் குடுத்து, திருப்பி, புரட்டி, வேண்டாததை அழிச்சு உபயோகப்படுத்துங்க. ஒரே சொட்டுக் கூட்டத்தை ரெண்டு இடத்துல வெச்சா பாக்குறவன் கண்ணு உடனே பிடிச்சிடும்.

வழியிறது வேற வேலை. அதை ஸ்கேன் பண்ணத் தேவையில்ல, வரையுறதுதான் நல்லா வரும். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947லேர்ந்து கேன்வாஸைத் தரையில விரிச்சு மேலேர்ந்து ஊத்தினாரு, அதனால அது கீழ வழிஞ்சு ஓடல, கோடா படிஞ்சுது. உங்களுக்கு வேணுங்குறது நிக்கிற சுவத்துல இறங்குற பெயின்ட். அது பெயின்ட் தடிமனா தேங்கின இடத்துலேர்ந்துதான் இறங்கும், நடுவுல ஒல்லியாகி அடியில ஒரு குண்டு மணி மாதிரி நிக்கும். பக்கத்து பக்கத்து கோடு ஒரே நீளம் வரவே வராது. புதுசா செய்யுறவங்க சீப்புப் பல்லு கணக்கா சம இடைவெளியில இறக்கி விடுறாங்க, அங்கதான் பொய்னு தெரிஞ்சிடுது.

செய்யுற விதம் சொல்றேன். வெள்ளை லேயர்ல ஓரம் மங்காத கறுப்பு ஹார்ட் பிரஷ்ஷால மேல ஒரு பட்டை, அதுலேர்ந்து ஏத்த இறக்கமா குச்சிங்க, ஒவ்வொரு குச்சி அடியிலயும் குச்சியை விட கொஞ்சம் பெரிய வட்டம். அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். இப்போ மங்கலாக்குற ஃபில்டரான காஸியன் ப்ளர் ஒரு 10 பிக்சல், உடனே மறுபடி த்ரெஷோல்ட். குச்சி பட்டையோட சேர்ற மூலை எல்லாம் உருகி வளைஞ்சு நிஜ பெயின்ட் மாதிரி ஒட்டிக்கும். வெள்ளையை முன்ன மாதிரியே கழட்டிடுங்க. குச்சி ரொம்ப ஒல்லியா இருந்தா ப்ளர்ல காணாமப் போயிடும், கொஞ்சம் தடிமனாவே போடுங்க. இந்த ஒரு வித்தையை சொல்லிக்குடுக்காம மாசக்கணக்குல மெனு பேரை மனப்பாடம் பண்ண வெச்சு கடைசியில சர்டிஃபிகேட்டுக்குத் தனியா காசு வாங்குற இன்ஸ்டிட்யூட்டுங்களை நினைச்சா எனக்கு ஆத்திரமா வருது, கிராமத்துப் பசங்க அப்பா அம்மா தோல் ஷாப்லயும் பீடி சுத்தியும் சம்பாதிச்ச காசு அது.

இனிமே நான் சொல்றதுதான் முக்கியம், ஏன்னா ஸ்க்ரீன்ல அழகா இருந்தது துணியில கெட்டுப்போறது இங்கதான். கறுப்பு டி-ஷர்ட்டுக்கு கம்மி பீஸ்னா இப்போ பெரும்பாலும் டிடிஎஃப்-லதான் (டைரக்ட் டு ஃபிலிம்) அடிப்பாங்க. ஃபிலிம்ல கலரை அடிச்சு, அதுமேல வெள்ளை மையை அடிச்சு, பசைப் பொடி தூவி உருக்கி, துணியில வெச்சு அழுத்துவாங்க. துணிக்கு வந்ததும் வெள்ளை அடியில, கலர் மேல. அதனால சாஃப்ட் பிரஷ், க்ளோ, பாதி ஒபாசிட்டி (பாதி ஊடுருவித் தெரியுற கலர்) இருக்குற இடமெல்லாம் வெள்ளை எட்டிப் பாத்து அழுக்கு ஒளிவட்டம் மாதிரி நிக்கும். தெறிப்பு முழுக்க கெட்டி ஓரமா இருக்கணும், ஓரத்துல ஒரு பிக்சல் மென்மை இருந்தா பரவாயில்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நிதானமா படிங்க. ஸ்ப்ரே கேன் அடிச்ச மாதிரி மங்கி மறையுற புகை வேணும்னா வெச்சுக்கலாம், ஆனா அதை ஒபாசிட்டியால மங்க வெக்காதீங்க, புள்ளியால மங்க வைங்க. அதாவது ஹாஃப்டோன். ஒவ்வொரு புள்ளியும் முழுக் கலர், கிட்ட பெருசா நெருக்கமா, போகப் போக சின்னதா, தூரத்துலேர்ந்து பாத்தா மங்கின மாதிரி தெரியும். க்ரிட்டாவுல அதுக்கு ஹாஃப்டோன் ஃபில்டரே இருக்கு. புள்ளியை ரொம்ப நுணுக்கமாவும் விடக்கூடாது, ரொம்பச் சின்னதுல பசை பிடிக்காது, துவைச்சா உதிரும். 1 மில்லிமீட்டருக்குக் கீழ போகாதீங்கன்னு நான் சொல்லுவேன், 300 டிபிஐ-ல அது ஏறக்குறைய 12 பிக்சல். டூத் பிரஷ் பொடிச் சொட்டுக்கும் இதே அளவுதான், அதைவிட சின்னதை அழிச்சிடுங்க. உங்க படத்துல கறுப்புத் தெறிப்பு இருந்தா அந்தக் கறுப்பை அடிக்கவே வேணாம், அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டா துணியே கறுப்பா தெரியும், உடம்புல பிளாஸ்டிக் மாதிரி கனமாவும் இருக்காது.

கேன்வாஸ் ஆரம்பத்துலயே ஏ3 அளவு 300 டிபிஐ, 3508க்கு 4961 பிக்சல். சின்னதா வரைஞ்சு அப்புறம் பெருசாக்காதீங்க. பளிச்சுனு நியான் பச்சை எல்லாம் ஸ்க்ரீன்ல மட்டும்தான், சாதா மையில அது வராது.

கடைசியா, ஆர்டர் எடுக்குற ஆளுங்க. நம்ம ஊர்ல போர்டு மாட்டியிருக்குற எல்லாருமே மிஷின் வெச்சிருக்கவங்க இல்ல, ஃபைலை வாங்கி திருப்பூருக்கோ சென்னைக்கோ தள்ளிவிட்டு நடுவுல நிக்கிறவங்களும் உண்டு. "ஃபைல் சரியில்ல, சரி பண்ண தனி காசு"ன்னு கேட்டா என்ன சரியில்லன்னு கேளுங்க, பதில் வராது. லேயரோட இருக்குற ஃபைலைக் குடுக்கவே குடுக்காதீங்க, குடுத்தா அடுத்த ஊரு டி-ஷர்ட்ல உங்க காளை ஓடும். பின்னணி இல்லாத பிஎன்ஜி மட்டும் குடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினா போட்டோவா அனுப்பாம டாகுமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா போனா சுருங்கிடும், இல்லாத பின்னணியும் வந்து ஒட்டிக்கும். முதல்ல ஒரே ஒரு பீஸ் அடிக்கச் சொல்லி, ரெண்டு மூணு தடவை துவைச்சுப் பாத்து, சொட்டு ஒண்ணும் உதிரலைன்னா மட்டும் மீதிக்கு அட்வான்ஸ் குடுங்க.