கிளச் பெடல் மேல வருதில்லையா? கியர்பொக்ஸக் கழட்ட முதல் குனிஞ்சி பாருங்க

கேள்வி: அண்ணன், என்ட கார் 1998 கொரொல்லா, மனுவல் கியர். காலையில எடுக்கக்குள்ள ஒரு கரைச்சலும் இல்ல. காத்தான்குடி நெரிசலுக்க வந்து நாலு தரம் கிளச்ச மிதிச்சா பெடல் பாதியிலயே நிண்டிரும், பெருவிரலால தூக்கித்தான் எடுக்கணும். ரெண்டு மூண்டு தரம் அடிச்சி மிதிச்சா திரும்ப இறுகுது. ரிவர்ஸ் போடக்குள்ள கறகற எண்டுது. பட்டிருப்புப் பாலத்தால படுவான்கரை வயலுக்கும் இதுலதான் போறன். கராஜில கிளச் பிளேட் மாத்தணும் எண்டுறாங்க. மாத்தவா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பொறுங்க தம்பி, காச எடுத்து நீட்டிராதீங்க. பிளேட் தேஞ்சா எஞ்சின் இரையும், கார் இழுக்காது, ஆனா பெடல் பாட்டுக்கு மேல வரும். உங்களுக்கு நடக்கிறது வேற. அடிச்சி மிதிச்சா இறுகுது எண்டு எழுதியிருக்கீங்களே, அதுலயே விசயம் வெளிச்சிட்டு, உங்கட கார்ல கிளச் ஒயில் அழுத்தத்துலதான் வேலை செய்யிது, அந்த ஒயில் லைனுக்க காத்து இருக்கு, இல்லாட்டி எங்கயோ ஒழுகுது.

முதல்ல கால்மிதி ரபர் பெடலுக்குக் கீழ சுருண்டு கிடக்கா பாருங்க, சிரிக்காதீங்க, நான் கண்டிருக்கன். மறுகா பொனட்டத் திறந்து கிளச் ஒயில் நிக்கிற சின்னக் கப்பப் பாருங்க, எஞ்சின் ஒயில் இல்ல. நல்ல ஒயில் தேன் நிறத்துல தெளிவா இருக்கும், உங்கட பிளேன்டீ மாதிரி கறுத்துக் கிடந்தா அது ரபர் சீல் கரைஞ்சி வாற கறுப்பு. இந்த ஒயில் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், ஈரம் ஏறினா சூட்டுல கெதியாக் கொதிச்சி குமிழி வரும், காலையில நல்லா இருந்து நெரிசலுக்க வந்து மக்கர் பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு டோர்ச் எடுத்து பெடலுக்கு மேல குனிஞ்சி, பெடல் கம்பி எஞ்சின் பக்கத்துச் சுவருக்குள்ள போற இடத்த விரலால தடவுங்க. ஈரம் பட்டா, மிதிக்கக்குள்ள ஒயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ட சீல் போய்ட்டு. அடுத்தது கீழ, கியர்பொக்ஸ் பக்கத்துல இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், தள்ளின ஒயில் வந்து கிளச்ச விடுவிக்கிற இடம். வயல் சேறு அப்பிக் காஞ்சி ரபர் மூடி கிழிஞ்சிருக்கும், அத மெல்ல உரிச்சிப் பாருங்க, உள்ளுக்க ஒயில் நிண்டா ஆள் அவர்தான்.

ரெண்டு இடமும் காஞ்சி கிடந்தா, முன்னுக்கு ஒருத்தரும் இல்லாத சமதரையில எஞ்சினப் போட்டு, பிரேக்கயும் கிளச்சயும் முழுசா மிதிச்சி ஃபர்ஸ்ட் கியர்ல அரை நிமிசம் பிடிச்சிருங்க. கார் தானா முன்னுக்கு உந்தப் பாத்தா மாஸ்டருக்கு உள்ளுக்கயே ஒயில் பின்னால நழுவுது, வெளிய ஒரு சொட்டும் தெரியாது. கராஜ்காரர் பிளேட்டுல பழி போடுற இடமும் அனேகமா இதுதான்.

சீல் மாத்தினா மேலயும் கீழயும் ஒண்டா மாத்துங்க, புது மாஸ்டர்ட அழுத்தத்துல பழைய ஸ்லேவ் கிழிஞ்சா மறுபடியும் அதே கூலி. கப் மூடியில டொட் 3, டொட் 4 எண்டு பிரேக் ஒயில் வகை எது போட்டிருக்கோ அதத்தான் ஊத்தணும். என்ட பழைய வான்ல ஒருத்தர் எஞ்சின் ஒயில ஊத்திவிட்டு ரபர் எல்லாம் ஊதி, மொத்தமும் மாத்த வேண்டி வந்த. பெயின்டுல ஒயில் சிந்தினா உடன தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயின்ட உரிச்சிரும். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கப் எண்டா ஒழுகலோட ஓடவே வேணாம்.

கேள்வி: எனக்கு ஆல்டோ. பெடல் இரும்பு மாதிரி இறுக்கம், விட்டா மெதுவாத்தான் வருது. ஒயில் கப்பையே காணல்ல.
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: காணமாட்டீங்க தங்கச்சி, அது கேபிள்ல வேலை செய்யிற கிளச். கடற்கரைப் பக்கம் நிப்பாட்டுற வண்டியெண்டா உப்புக்காத்துல கேபிளுக்குள்ள துருப்பிடிச்சிருக்கும். கியர்பொக்ஸ் பக்கத்து முனையக் கழட்டி கேபிள மட்டும் கையால இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. அறுக்கிற மாதிரி வந்தா கேபிள் மாத்தினாச் சரி. வழுக்கிக்கொண்டு வந்தாத்தான் உள்ள கிளச்ச விடுவிக்கிற பெயாரிங், ஃபோர்க் எண்டு தேடணும். ஒரு இழை அறுந்திருந்தாலும் ஒயில் விட்டுச் சமாளிக்காதீங்க, நடுறோட்டுல முழுசா அறும்.