பின் பம்பர் ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டலாமா?

மைவி காரின் பின் பம்பரில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டு, பிரேக் பிடித்தால் எரிகிற, சிக்னல் போட்டால் ஓடுகிற எல்இடி செட் மாட்டலாமா, இல்லை இருப்பதன் மேலேயே கறுப்பு ஸ்மோக் ஃபிலிம் ஒட்டினால் போதுமா, ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிலிம் வேண்டவே வேண்டாம். எல்இடி, எந்த எல்இடி என்பதைப் பொறுத்தது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்து நடு ரோட்டில் நின்றவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பினாங்குப் பக்கம் பிறை ஊரில் ஒரு அக்சசரி கடையில் 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து என் பழைய காருக்கு அந்த மாதிரி ஒரு ஜோடி மாட்டினேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு இரவில் திரும்பி வருகிறேன், தாப்பா தாண்டி நல்ல மழை, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்நேட்டர் போய்விட்டது என்று அப்போது தெரியாது. வைப்பர், ஏர்கான், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து பேட்டரியைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அவசரத் தடத்தில் எப்படியோ ஓரம் கட்டினேன், ஹசார்ட் லைட்டைத் தட்டினால் நாலு தடவை மின்னிவிட்டு அதுவும் செத்தது. எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், லோரி ஒன்றின் வெளிச்சம் முழுசாக என் கார் மேல் விழுகிறது, பம்பரில் ஒரு பொட்டு சிவப்பு கூட இல்லை. அந்த லோரி கடைசி நேரத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டு வலது பக்கம் ஒடித்துப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் வந்த ஹைவே ரோந்துக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரிஃப்ளெக்டர் மானா, பாங்?" (ரிஃப்ளெக்டர் எங்கே, அண்ணே?) என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ரிஃப்ளெக்டருக்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், வருகிறவன் விளக்கே போதும். காரில் உள்ள எல்லாம் செத்த பிறகும் வேலை செய்கிற ஒரே பின்விளக்கு அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக்கைக் கிட்டத்தில் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒன்றுக்கொன்று நேர்கோணத்தில் நிற்கும் மூன்று முகம், அறையின் மூலை மாதிரி. கேரம் போர்டின் மூலை ஓரத்தில் இரண்டு கட்டையிலும் பட்ட ஸ்ட்ரைக்கர் வந்த திசைக்கே திரும்புகிறது இல்லையா, அதே கதை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்தவன் கண்ணுக்கே திரும்பிப் போகும். (1969-இல் அப்போலோ 11 ஆட்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்ததும் இந்த மூலை வித்தைதான், கண்ணாடியில் செய்தது.) மலிவான எல்இடி செட்டில் பல நேரம் இந்தக் குழிகளே இருக்காது, வெறும் சிவப்பு மூடிதான். எரியாதபோது அது சும்மா சிவப்பு பிளாஸ்டிக்.

ஃபிலிம் ஏன் மோசம் என்றால் வெளிச்சம் அதை இரண்டு தடவை தாண்ட வேண்டும், உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை. 50 சதவீதம் விடுகிற ஃபிலிம் என்று கடைக்காரர் சொன்னால் திரும்பி வருவது 25 சதவீதம்தான். 30 சதவீத ஃபிலிம் என்றால் 9. "லேசான ஸ்மோக்தானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதோடு வாகனக் கட்டுமானம், பயன்பாடு பற்றிய 1959 விதிகள், விளக்கு விஷயத்தில் ஜேபிஜே இதை வைத்துத்தான் சம்மன் எழுதுகிறார்கள். பின்னால் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அடித்தாலோ, பிரேக் விளக்கை மின்ன விட்டாலோ நீங்களே கையைக் காட்டி நிறுத்தச் சொல்வது மாதிரிதான். நீல விளக்கை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தினமும் சாலைத் தடுப்பில் பிடிப்பார்களா என்றால் இல்லை, அது அதிர்ஷ்டம். ஆனால் காரை விற்கும்போது பெயர் மாற்ற, புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை இருக்கிறது. நான் அங்கே போவதற்கு முன்னால் ஒரிஜினல் ஜோடியைத் தேடினால், கடைக்காரர் அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார். பழைய உதிரிபாகம் விற்கும் பொத்தோங் கடை கடையாக அலைந்து 60 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன், ஒன்றில் கீறல். கழற்றினால் பழசைக் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள், பின்னாலிருந்து ஒருவன் வந்து இடித்த பிறகு இந்தப் பேச்சு வந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

ஒயரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெயில் லைட் ஒயரையும் பிரேக் ஒயரையும் கிளிப் போட்டு அமுக்கி எடுப்பார்கள். சரியாகச் செய்யாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடிக்கும். இன்னொன்று, ராத்திரி முழுக்க அந்த எல்இடி பிரேக் அளவுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால், நீங்கள் உண்மையில் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? பினாங்குப் பாலத்தில் சாயங்கால நெரிசலில் இப்படிப்பட்ட கார் பின்னால் போய்ப் பாருங்கள், எரிச்சல் புரியும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், ரிஃப்ளெக்டர் குழிகளும் எல்இடியும் சேர்ந்தே உள்ள செட்டாக வாங்குங்கள். மூடியில் அங்கீகார முத்திரையாக வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் அங்கீகாரம் கொடுத்த நாட்டின் எண்ணும் அச்சாகியிருக்கும் (மலேசியாவின் எண் 52). ஆனால் ஆன்லைனில் அந்த முத்திரையைப் போலியாக அடித்தும் விற்கிறார்கள், அதனால் முத்திரையை மட்டும் நம்பாமல் மாட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: பழையதையும் புதியதையும் இருட்டில் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, முப்பது மீட்டர் தள்ளிப் போய், கைபேசி டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடித்து அடியுங்கள். இடுப்பில் பிடித்தால் தெரியாது, வெளிச்சம் டார்ச்சுக்குத்தான் திரும்பும். புதியது பழையதைப் போல எரிந்தால் மாட்டலாம். மங்கலாகவே இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடைய 120 வெள்ளி ஜோடி இன்னும் வீட்டு ஸ்டோரில்தான் கிடக்கிறது, போன வாரம் தம்பி தன் காருக்குக் கேட்டான், கொடுக்கவில்லை.