கனமான கேமரா கையில் ஆடாதா?

கேள்வி: கனமான டிஎஸ்எல்ஆர் கேமராவிலிருந்து எடை குறைந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறினேன். அதே லென்ஸ், அதே ஷட்டர் வேகம், ஆனால் படம் மங்கலாகிறது. எடைதான் காரணமா?

ஓரளவு ஆமாம். எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் கை விநாடிக்கு 8 முதல் 12 முறை வரை லேசாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். கனமான கேமராவை இந்த வேகமான நடுக்கத்தால் எளிதில் அசைக்க முடியாது. லேசான கேமரா கூடவே ஆடும். ஆனால் எடையைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். பட்டனை வெடுக்கென்று அழுத்தினால் லேசான கேமராவின் வலது ஓரம் சட்டென்று கீழே சாயும். பாதி அழுத்தி நிறுத்தி, மீதியை மெதுவாக அழுத்துங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, புதிய கேமராவில் மெகாபிக்சல் அதிகமென்றால் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது பழைய அசைவே பெரிதாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் மாட்டும் கூடுதல் பிடி) மாட்டி எடையைக் கூட்டலாமா?

கூட்டலாம். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 × 24 மிமீ சென்சார்) கேமரா, 50 மிமீ லென்ஸ், 3 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா 0.1 மிமீ பக்கவாட்டில் நகர்ந்தால் பிம்பம் ஒரு பிக்சல்கூட நகராது. அதே கேமரா 0.1 டிகிரி திரும்பினால் சுமார் 14 பிக்சல் இழுபடும்! படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் திரும்பலும் சாய்வும்தான்.

அதைத் தடுப்பது நடுவிலிருந்து விலகி இருக்கும் எடை. கயிற்றின் மேல் நடப்பவர் நீளமான கழியைப் பிடித்துக்கொள்வதும் இதற்காகத்தான். அதனால் முன்னால் நீண்டிருக்கும் லென்ஸ், இடது உள்ளங்கை அதைக் கீழிருந்து தாங்கினால், பெரிய உதவி. கிரிப்பைப் பொறுத்தவரை, எடையைவிடச் சுண்டுவிரலுக்கு இடம் கிடைப்பதையே பெரிய லாபம் என்பேன்.

கேள்வி: எத்தனை கிலோ வரை சரி?

எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. தசை களைத்தால் நடுக்கம் கூடும். அப்புறம் எடையே எதிரி. ஸ்டெபிலைசேஷனை (கை அசைவை ஈடுகட்டும் வசதியை) அணைத்துவிட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கேமராவைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். கடைசி விநாடிகளில் வியூஃபைண்டருக்குள் காட்சி தள்ளாட ஆரம்பித்தால் அந்த எடை உங்களுக்கு அதிகம். கனமான கேமராவே வேண்டுமென்றால் படத்துக்குப் படம் கீழே இறக்கி ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசேஷன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

சாதாரணப் படங்களில் எடை வித்தியாசத்தை அது பெருமளவு ஈடுகட்டிவிடும். மேக்ரோவில் (சிறு பொருளை மிக அருகில் வைத்து எடுக்கும்போது) அவ்வளவு நம்ப வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, மேலே சொன்ன அதே 0.1 மிமீ நகர்வு சுமார் 17 பிக்சல் ஆகிவிடும். எதிரில் இருப்பவர் அசைந்தாலும் ஸ்டெபிலைசேஷனால் ஒன்றும் செய்ய முடியாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

கேள்வி: நடந்துகொண்டே மொபைலில் வீடியோ எடுக்கிறேன். எடை சேர்த்தால் ஆட்டம் நிற்குமா?

பொடி நடுக்கம் குறையும். காலடிக்குக் காலடி வரும் ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கும். அதற்கு முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை மெதுவாக ஊன்றி நடக்க வேண்டும், இல்லையென்றால் கிம்பல் (மோட்டார்களால் மொபைலை நிலையாக வைத்திருக்கும் கைப்பிடி) வேண்டும்.