சீரியலில் நடிக்கத் துடிக்கும் மகளும் நீடாமங்கலம் அப்பாவும்

ஐயா,

உங்கள் கடிதம் முழுக்கக் கவலை, கடைசி இரண்டு வரியில் மட்டும் அவசரம். அவசரத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடிப்புப் பயிற்சியோடு சீரியல் வாய்ப்பும் வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கிறார்களே, அவர்களுக்குக் கட்டாதீர்கள். நடிப்பு சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்கினால் அது ஒரு தொழில், தப்பில்லை. வாய்ப்புக்குக் கட்டணம் என்றால் அங்கே வாய்ப்பே இல்லை என்று அர்த்தம். ஆள் தேவைப்படுகிற தயாரிப்பு நிறுவனம் நடிகைக்குப் பணம் கொடுக்கும், நடிகையிடம் வாங்காது. போர்ட்ஃபோலியோ என்ற புகைப்படத் தொகுப்பு எடுக்கப் பெரிய தொகை கேட்டால் அதுவும் வேண்டாம். மொபைலில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த நாலு படம், வசனம் பேசிய ஒரு நிமிட வீடியோ, முதல் ஆடிஷனுக்கு இது போதும்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் நேரே சென்னைக்குப் போகிறேன் என்கிறாள் பாப்பா. சினிமாப் பேச்சே கூடாது என்கிறார்கள் உங்கள் அம்மா. நடுவில் நீங்கள். என் பதில் இருவருக்குமே பாதிதான் பிடிக்கும்: நடிக்கட்டும், ஆனால் டிகிரி முடித்துவிட்டு.

கைக்காவலாக ஒரு டிகிரி இருக்கட்டும் என்ற வழக்கமான பேச்சை நான் பேசவில்லை. நடிப்பு சொல்லித்தரும் பெரிய பள்ளிகளே டிகிரி கேட்கின்றன. புனே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் திரை நடிப்புக்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, பட்டதாரிகளுக்குத்தான். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடம். அங்கே டிகிரியோடு, ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். இந்தி, ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இப்போதே கிளம்பினால் இந்த இரண்டு இடத்துக்கும் பாப்பா விண்ணப்பமே போட முடியாது. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் போன்ற கேமராவுக்குப் பின்னால் இருக்கும் வேலைகளுக்குப் பேர்போன இடம் அது. அவளுக்கு அந்தப் பக்கம் ஆசை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அதைவிட முக்கியம், இந்தத் தொழிலில் காசு வரும் விதம். டிவியில் தினமும் முகம் தெரிவதால் மாதச் சம்பளம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். மாதத்தில் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பது கதையைப் பொறுத்தது. அவள் வரும் கதைப் பகுதி (டிராக்) எடுபடவில்லை என்றால், நாத்தனார் வெளிநாடு போய்விட்டாள் என்று ஒரே வசனத்தில் ஆளை அனுப்பிவிடுவார்கள். நடித்த பணமும் அன்றே கைக்கு வருவது குறைவு. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சேலை, பிளவுஸ், கவரிங் நகை பெரும்பாலும் நடிகையின் சொந்தச் செலவு. சென்னையில் அறை வாடகை மட்டும் மாதம் பிறந்ததும் வந்து நிற்கும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று பார்த்துக் குறுவை போடுகிற வீடு உங்களுடையது. ஒழுங்கில்லாத வருமானம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குறுவை ஏமாற்றினாலும் சம்பா, அதற்குப் பின் உளுந்து, பயறு என்று அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? பாப்பாவிடம் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இருக்க முடியும். தமிழ் சீரியல்களில் நடிக்கும் பலருக்குத் தாய்மொழி கன்னடம், மலையாளம், தெலுங்கு. அவர்களுக்கு வேறு யாரோதான் குரல் கொடுக்கிறார்கள். ழகரமும் ளகரமும் பிசகாமல், எழுதிக்கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் உணர்ச்சியோடு படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு டப்பிங்கில் வேலை இருக்கிறது. அதற்குச் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும், கட்டணம் உண்டு, குரல் தேறவும் வேண்டும். டப்பிங்குக்கு நல்ல தமிழ் வேண்டும் என்பதால்தான், பி.காம். சேர்க்கட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கு, பி.ஏ. தமிழ் என்று சொல்கிறேன். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம், செலவும் குறைவு. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பு கெட்டதில்லை, ஆனால் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் அதைப் படிக்கவைக்கும் அளவுக்கு நடிகைக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மன்னார்குடி என்றதும் மனோரமா ஞாபகம் வருகிறார். 1937-ல் அங்கே பிறந்தவர்; செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்ததால் 'ஆச்சி' என்று பெயர். கதாநாயகி ஆவதற்காக அவர் காத்திருக்கவில்லை. நாடக மேடையில் பேசவும் பாடவும் பழகிவிட்டு, 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் நுழைந்தார். நாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' வந்தது 1963-ல். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில்ஜில் ரமாமணி மேடைக் கலைஞர் பாத்திரம். அதில் அவர் பேசும் பேச்சும் குலுக்கும் குலுக்கலும் மேடை வாசம் தெரியாதவர்களுக்கு வந்திருக்காது. ஆயிரம் படங்களைத் தாண்டினார். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது வாங்கியது பாட்டி வேடத்துக்கு. கதாநாயகி வேடத்தை மட்டும் குறிவைப்பவர்களின் காலம் சீக்கிரம் முடிந்துவிடும். எந்த வேடத்துக்கும் தயாராக இருந்ததால் ஆச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை இருந்தது. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமியும் நம் திருவையாற்றுக்காரர்தான், மேடையிலிருந்து வந்தவர்தான். 1936-லேயே 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதனால் டிகிரி படிக்கும் இந்த மூன்று வருடத்தில் பாப்பா மேடை ஏற வேண்டும். கல்லூரி நாடகம், ஊர்த் திருவிழா நாடகம், எதுவானாலும் சரி. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. அங்கே நாடகம் நடக்கும்போது போய்ப் பார்க்கட்டும், பின்னால் மேல்படிப்புக்கும் விசாரித்து வைக்கலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் டிகிரிக்குப் பிறகு நாடகம் படிக்கலாம். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977-ல் தொடங்கிய ந. முத்துசாமி மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சைக்காரர். சினிமாவில் நடிக்கும் கலைராணி, பசுபதி எல்லாம் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். ஆறு நாடகம் சேர்ந்துவிட்டால் டெல்லிக்கும் தகுதி வந்துவிடும். அதற்குள் ஆசை தானாக வடிந்துவிட்டால், அதுவும் நல்லதுதான். கையில் டிகிரி இருக்கும்.

ஆடிஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லீவு நாளில் போகலாம். மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. கூடவே நீங்களோ அவள் அம்மாவோ போங்கள். ஹோட்டல் அறையில், இரவு நேரத்தில் ஆடிஷன் என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். படப்பிடிப்புத் தளமும் வேலை இடம்தான். பெண்களுக்கான 2013-ம் வருடத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கேயும் செல்லும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. இதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பதைவிட அவள் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். ஏதாவது நடந்தால் திட்டுவிழும் என்ற பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்லும் நிலையும் வேண்டும்.

நடித்தால் வரன் அமையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் என் துறை இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் படிப்பை, இன்னும் வராத மாப்பிள்ளை வீட்டுக்காக இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

பதினெட்டு முடியும் முன் எந்த அக்ரிமென்டிலும் அவளிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள். முடிந்த பிறகும், எத்தனை வருடம், வேறு சேனலில் நடிக்கலாமா, பாதியில் விலகினால் என்ன என்ற மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் பான் கார்டும் அவள் பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனிகள் டிடிஎஸ் என்று வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். வருமான வரி ரிட்டர்ன் போட்டால், வரி வராத அளவு வருமானம் உள்ள வருடத்தில் அந்தப் பணம் அவள் கணக்குக்கே திரும்ப வந்துவிடும்.