பூக்கிரீடம் சூடிய மார்ஷாவும் ஆறு வயது மகளின் மூன்று கேள்விகளும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். மார்ஷா பி. ஜான்சன் என்னும் கறுப்பினத் திருநங்கையைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை என் ஆறு வயது மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து, தினமும் இரவில் படித்துக் காட்டச் சொல்கிறாள். "இவங்க ஆணா, பெண்ணா? போலீஸ் ஏன் பிடிச்சாங்க? இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, தயங்காமல் படித்துக் காட்டுங்கள். மார்ஷா உங்களுக்கு அந்நியரும் அல்லர். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள எலிசபெத் நகரில் 1945இல் பிறந்தவர். ஐந்து வயதில் ஆசையாகப் பாவாடை சட்டை அணிந்தவர், அக்கம்பக்கத்துப் பையன்களின் தொல்லை தாளாமல் அதை விட்டுவிட்டார். உங்கள் மகளுக்கு ஏறக்குறைய அதே வயது என்பதால், கதையை இங்கிருந்தே தொடங்கலாம். "எல்லோரும் அவரை ஆண் பிள்ளை என்று நினைத்தார்கள், அவர் பெண்ணாக வாழ்ந்தார், அப்படிப்பட்டவரை நாம் திருநங்கை என்கிறோம்" என்று சொன்னால் ஆறு வயதுக்குப் போதும். பெயரின் நடுவிலுள்ள 'பி' எதைக் குறிக்கிறது என்று கேட்டவர்களுக்கு, 'பே இட் நோ மைண்ட்', அதாவது 'அதைப் பொருட்படுத்தாதே' என்று அவர் பதில் சொல்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

1969 ஜூன் 28 அதிகாலையில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் கூடும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் காவலர்கள் நுழைந்தபோது, அங்கிருந்தவர்கள் பணிய மறுத்துத் திரண்டு நின்றார்கள். பெண் உடை அணிந்த ஆண் என்று கருதினாலே ஒருவரைக் கைது செய்ய முடிந்த காலம் அது. முதல் கல்லை எறிந்தவர் மார்ஷா என்று பலரும் கதை சொல்கிறார்கள். ஆனால் தான் போய்ச் சேர்வதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். உங்கள் கையிலுள்ள புத்தகம் வேறு விதமாகச் சொன்னால், அந்தப் பக்கத்தில் நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடுங்கள்; மகளின் அன்பு அதனால் குறைந்துவிடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், போராட்டப் பக்கத்தைவிடப் பூக்கிரீடப் பக்கத்தில்தான் அதிக நேரம் தங்குவேன். தங்க வீடில்லாத நாட்களில் மார்ஷா மன்ஹாட்டனின் பூச்சந்தையில், பூக்களைப் பிரித்து வைக்கும் மேசைகளுக்கு அடியில் படுத்து உறங்குவார். அங்கே மிஞ்சிய பூக்களைத்தான் தலையில் சூடிக்கொள்வார். தன்னிடம் ஒன்றும் இல்லாத அவர், 1970இல் தோழி சில்வியா ரிவேராவுடன் சேர்ந்து 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளையவர்களுக்குத் தங்குமிடமும் சோறும் தேடிக் கொடுத்தார். அதற்கான பணத்தை எந்தத் துன்பத்துக்கிடையே ஈட்டினார்கள் என்பது மகள் வளர்ந்த பிறகு பேச வேண்டியது. இப்போது, கிடைத்ததைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே உண்மையும் போதுமானதும் ஆகும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. 1992 ஜூலையில், 46 வயதில், அவருடைய உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. தற்கொலை என்று காவல்துறை சொன்னதை நண்பர்கள் ஏற்கவில்லை. 2012இல் அந்த வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. குழந்தையிடம் 'தூங்கிவிட்டார்', 'சாமியிடம் போய்விட்டார்' என்று மழுப்பாதீர்கள். "இறந்துவிட்டார், எப்படி என்று உறுதியாகத் தெரியவில்லை, அதில் அவருடைய நண்பர்களுக்கு இன்றும் வருத்தம்" என்று சொல்லி, அவள் அழுதால் அணைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் கவலையைப் புறந்தள்ள வேண்டாம். குழந்தையின் வயதுக்கு மீறிய எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அது. உடை, பெயர், பசி, வீடு ஆகியவற்றைத் தவிர இந்தக் கதையில் நீங்கள் சொல்லப்போவது வேறொன்றும் இல்லை என்பதை, அவரையும் அருகில் அமர்த்திப் படித்துக் காட்டினால் அவரே உணர்வார். 2008இல் திருநங்கைகளுக்கென்று நல வாரியம் அமைத்த தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அவர். அந்தச் சொல் அவருக்குப் புதிதாக இருக்காது.

புரூக்ளினில், ஈஸ்ட் ஆற்றங்கரையில் உள்ள மாநிலப் பூங்காவுக்கு 2020இல் மார்ஷாவின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் மூவரும் அங்கே போய் வாருங்கள். கட்டிய பூச்சரம் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். அதை மகள் தன் தலையில் வைத்துக்கொள்ளட்டும்.